முப்பதுக்கு முப்பது

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூல் வேண்டாங்க, அதுக்கு ஒரு காலு ஆடும். இந்தச் சேர்ல உக்காருங்க. லேப்புல ஃபேன் போடறதில்லீங்க, பர்னர் அணைஞ்சுரும். இப்பத்தான் புள்ளைங்க யாரும் இல்லையே, போடறேன். தண்ணி குடிக்கறீங்களா? பயப்படாதீங்க, என்ற பாட்டில்தான், லேப் தண்ணி இல்ல.

உங்க ட்ரஸ்ட் குடுத்த பெட்டியத்தானே பாக்கோணும்? இருக்குதுங்க, எங்கயும் போகலை. இதா, இந்த இரும்பு பீரோவுல. சாவி என்கிட்டத்தான் இருக்கும், வேற யாரும் தொட முடியாது. எடுத்துப் பாருங்க. பேசுற தர்மாமீட்டர். பேசுற தராசு. இதெல்லாம் மேடு வெச்ச பீக்கர், விரல்ல தடவுனா அளவு தெரியும். அந்தக் குச்சி, வெளிச்சத்துக்குத் தக்கன சத்தம் போடும், இருட்டா இருந்தா முனகும், வெளிச்சமா இருந்தா கீச்சுன்னு கத்தும். நீங்க வேலைக்குச் சேந்து ரெண்டு மாசம்னு சொன்னீங்களே, இதெல்லாம் தொட்டுப் பாத்திருக்க மாட்டீங்க. பாருங்க. மூணு வருசமாச்சு வந்து. ஒண்ணுலயாவது கீறல் இருக்குதா? தராசு மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட நான் கழட்டலை.

உங்க ட்ரஸ்ட்ல ஃபாரம் குடுத்து அனுப்பியிருக்காங்க. 'மாணவிக்குப் பயன்பட்டதா, ஆம், இல்லை.' ஒரு டிக் போட்டா முடிஞ்சுதா? அப்படி டிக் போடற சமாச்சாரம் இல்லீங்க இது. எனக்கு அடுத்த பீரியடு ஃப்ரீதான். சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே டிக் போட்டுக்குங்க.

சுபிக்ஷான்னு ஒரு புள்ள. பொறந்ததுல இருந்தே கண்ணு தெரியாது. அப்பா குப்புராசு, கூலிக்குத் தறி ஓட்டுறவரு. இங்கிருந்து காங்கேயம் போற வழியில நாலு கிலோமீட்டர், ஊரு பூராத் தறிச் சத்தம்தான். பத்தாவதுல நானூத்தி அம்பத்தொண்ணு எடுத்துட்டு வந்து நின்னா. சயின்ஸ் குரூப் வேணுங்கறா. எச்.எம். மேடம் முடியாதுன்னுட்டாங்க. "கண்ணு தெரியாத புள்ளைக்குக் கெமிஸ்ட்ரி லேப்பா? வரலாறு எடுத்துக்கோ, நெம்ப ஈசி"ன்னாங்க. அவிய அப்பாகூட மேடம் சொல்றதுதான் சரின்னு தலையாட்டிட்டு நின்னாரு. நான்தானுங்க தம்பி எந்திரிச்சுப் பேசுனேன். இதை நீங்க எழுதிக்கோணும். "மேடம், எடுக்கலாம்னு ரூல் இருக்குது. நான் பாத்துக்கறேன். என்ற பொறுப்பு"ன்னு சொன்னேன். இருபத்தெட்டு வருச சர்வீசுல எச்.எம். கூட நான் சண்டை போட்டது அந்த ஒரு தடவைதான். உங்க ட்ரஸ்டுக்கு லெட்டர் எழுதி இந்தப் பெட்டிய வரவழைச்சதும் நான்தான்.

அந்தப் புள்ள என்ற கையப் புடிச்சுக்கிட்டா. சின்னக் கைதான், ஆனா கெட்டியாப் புடிச்சா. "டீச்சர், எனக்குக் கெமிஸ்ட்ரிதானுங்க வேணும்"ன்னா. ஏன் கண்ணுன்னு கேட்டேன். "நிறம்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்க டீச்சர். ஆனா நிறம் மாறுதுன்னா உள்ள ஏதோ ஒண்ணு நடந்து முடிஞ்சிருக்குதுன்னு அர்த்தம். அது முடியற எடத்தை நான் புடிக்கோணும்"ங்கறா. பதினாறு வயசுப் புள்ள பேசற பேச்சா அது?

பெட்டியோட உங்க ட்ரஸ்ட்ல இருந்து ஒரு பொண்ணும் வந்துச்சு, ரெஜினான்னு. இன்னும் இருக்குதுங்களா அது? வேலைய விட்டுருச்சா. சரி. அதுக்கும் கண்ணு தெரியாதுங்க. கைத்தடியத் தட்டிக்கிட்டு வந்து, இந்த மேசை மேலதான், டைட்ரேஷன் செஞ்சு காட்டுச்சு. நீங்க காமர்ஸா? அப்ப சொல்றேன். மேல நீளமா ஒரு கண்ணாடிக் குழாய், பியூரெட்டுன்னு சொல்லுவோம், அதுல பெர்மாங்கனேட்டு, கருஞ்செவப்பா இருக்கும். கீழ குடுவையில ஆசிட்டு கலந்த ஒரு கரைசல், தண்ணியாட்ட இருக்கும். மேல இருந்து சொட்டுச் சொட்டா விடோணும். விழற சொட்டு ஒவ்வொண்ணும் காணாமப் போயிட்டே இருக்கும். ஒரு சொட்டு மட்டும் போகாது, குடுவை லேசா ரோஸ் ஆயிரும். அங்க நிறுத்தோணும். ஒரு சொட்டு கூடப் போனாலும் தப்பு. அந்த ரோசை ரெஜினா இந்தக் குச்சிய வெச்சுச் சத்தத்துல புடிச்சுச்சு. கையி கொஞ்சங்கூட நடுங்கலை. பக்கத்துல நான்தான் புடிக்கறதுக்குக் கைய நீட்டிக்கிட்டே நின்னேன். போறப்ப சொல்லீட்டுப் போச்சு: "டீச்சர், இதெல்லாம் பொண்ணு கையில இருக்கோணும். உடைஞ்சா உடையட்டும், சொல்லுங்க, வேற அனுப்பறோம்."

அது சொல்லீட்டு பஸ் ஏறிப் போயிரும். ஏதாவது ஆச்சுன்னா இங்க நிக்கறது யாருங்க? நான்தானே?

நான் ஏன் இப்படிச் சொல்றேன்னா, அதுக்கு ஒம்பது வருசத்துக்கு முன்னாடி, இதே லேப்புல, மேனகான்னு ஒரு புள்ள. நல்லாக் கண்ணு தெரியற புள்ளைங்க அது. ஆசிட் பாட்டில் கை நழுவித் தொடையில விழுந்துருச்சு. பாவாடை தொடையோட ஒட்டிக்கிச்சு. நான்தான் தண்ணியா ஊத்துனேன். அது கத்துன கத்து இன்னிக்கும் எனக்குக் கேக்கும். அதுக்கப்புறம் விசாரணை. அவிய அம்மா எல்லாரு முன்னாடியும் என்ற மூஞ்சிக்கு நேரா, "உன்ற புள்ளையா இருந்தா இப்படி விடுவியா?"ன்னு கேட்டுச்சு. எனக்குப் புள்ளை இல்லீங்க.

அதனால சுபிக்ஷாவை நான் என்ற புள்ளையாட்டத்தான் பாத்துக்கிட்டேன். லேப் இருக்கற அன்னிக்கு அவளை இதா, இந்தக் கதவுப் பக்கம் காத்து வர்ற எடத்துல சேர் போட்டு உக்கார வெச்சுருவேன். மத்த புள்ளைங்க எல்லாம் ஸ்டூல்தான், அவளுக்கு மட்டும் சேரு. அவ பக்கத்துலயே நின்னுக்கிட்டு எல்லாத்தையும் நானே செஞ்சு, நானே வாய் ஓயாமச் சொல்லுவேன். "இப்பக் குழாயத் திருப்பறேன் கண்ணு. இப்ப சொட்டுது. இப்ப வெளுப்பா இருக்குது. ஆ, இப்ப ரோஸ் வந்துருச்சு. இருபது புள்ளி ரெண்டு, எழுதிக்கோ." அவ ஒரு பிரெய்ல் தகட்டுல குத்திக் குத்தி எழுதிக்குவா. ஒரு அளவு தப்பாச் சொன்னதில்ல நான். நாப்பது புள்ளைங்களை விட்டுட்டு ஒருத்திகிட்ட நின்னிருக்கேன். எந்த டீச்சர் செய்வாங்க?

அவளும் கேப்பா. "டீச்சர், அந்தக் குச்சியக் குடுங்க, ரோஸ் எப்படிக் கேக்குதுன்னு பாக்கறேன்"ம்பா. நானே குச்சியப் புடிச்சுக் காட்டுவேன். அது முனகும். "கேட்டுச்சா கண்ணு?"ம்பேன். "கேட்டுச்சுங்க டீச்சர்"ம்பா. அப்புறம் மறுபடியும் கைய நீட்டுவா. "அடுத்த வாரம் கண்ணு, இப்ப நேரமாச்சு." அப்படியே ஓட்டிட்டேன். கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்லீங்க. ஒரு கண்ணாடிச் சில்லு அவ விரல்ல பட்டாப் போச்சு, அந்த விரல்தானே அவளுக்குக் கண்ணு? எழுதறது படிக்கறது எல்லாம் அதுலதானே? அதை யாரும் யோசிக்கலை. நான்தான் யோசிச்சேன்.

ஒரு நா மட்டும் அந்தப் புள்ள கொஞ்சம் கோவமாக் கேட்டுச்சு. "டீச்சர், நீங்க சொல்றதைக் கேக்கறதுக்கு நான் புக்கே படிச்சுக்குவேனுங்களே. லேப்புக்கு எதுக்கு வரோணும்?" எனக்குச் சுருக்குன்னுச்சு. அன்னிக்கு அவளுக்காக மதியம் சாப்பிடாம நின்னிருந்தேன். சரி, வயசு அப்படி.

இப்ப அருக்காணியப் பத்திச் சொல்லோணும். எங்க லேப் அட்டெண்டர். எட்டாவது வரைக்கும் படிச்சவ. குடுவை கழுவறது, பாட்டில்ல லேபிள் ஒட்டறது அவ வேலை. நல்லவதான், ஆனா எதுக்கு எல்லை எங்கன்னு தெரியாது. பன்னண்டாவது அரைப்பரீட்சை முடிஞ்ச சமயம். எனக்குத் திருப்பூர்ல எலெக்சன் டியூட்டிக்கு ட்ரெய்னிங். நாள் பூரா இருக்கும்னாங்க, மத்தியானமே விட்டுட்டாங்க. வீட்டுக்குப் போகாம ஸ்கூலுக்கு வந்தேன். வராண்டாவுல வர்றப்பவே கேக்குது, அந்தக் குச்சிச் சத்தம். கீ... கீ... ம்ம்ம். கூடவே சிரிப்புச் சத்தம். அந்தப் புள்ள சிரிச்சு நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்லீங்க.

எட்டிப் பாக்கறேன். பீரோ தொறந்து கெடக்குது, மாத்துச் சாவி எங்க இருக்கும்னு அருக்காணிக்குத் தெரிஞ்சிருக்குது. மேசை மேல ஸ்டேண்டு, பியூரெட்டு, உள்ள பெர்மாங்கனேட்டு. அந்தப் பியூரெட்டு மேல கோடு கோடா நூலு சுத்தியிருக்குது! தறி நூலு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு சுத்து. இவ என்ன பண்றான்னா, குச்சியக் கண்ணாடியோட ஒட்டி மேல கீழ நகத்துறா. திரவம் இருக்கற எடத்துல கருப்பு, முனகுது. அதுக்கு மேல வெளிச்சம், கீச்சுங்குது. சத்தம் மாறுற எடத்துல நிறுத்திட்டு இன்னொரு கையில நூலை எண்ணுறா. "பதினாறுங்க அக்கா. எழுதுங்க." அருக்காணி பென்சில்ல எழுதறா. அப்புறம் அந்தப் புள்ள குழாயத் தொட்டு, இத்துணூண்டு திருப்பி, குனிஞ்சு காது குடுத்துக் கேக்குது. "இருங்க அக்கா, இன்னும் ஒரே ஒரு சொட்டு."

யாரு சொல்லிக் குடுத்தாங்களோ அந்த நூல் வேலைய. ரெஜினா சொல்லிக் குடுக்கலை, நானும் குடுக்கலை.

நான் கதவுல நின்னுக்கிட்டுக் கத்தீட்டேன். "ஏய்! என்ன பண்றீங்க?"ன்னு.

அவ்வளவுதான் தம்பி. அந்தப் புள்ள திடுக்குன்னு திரும்புச்சு. முழங்கை ஸ்டேண்டுல பட்டுச்சு. ஸ்டேண்டு சாஞ்சு பியூரெட்டு மேசை மேல விழுந்து சில்லு சில்லாப் போச்சு. விழுந்ததைப் புடிக்கறேன்னு கைய வெச்சுட்டா. உள்ளங்கை கிழிஞ்சுருச்சு. ரத்தமும் பெர்மாங்கனேட்டும் ஒண்ணாக் கலந்து எது எதுன்னே தெரியலை. அஞ்சு தையல்.

பாத்தீங்களா? நான் எதைச் சொல்லிச் சொல்லிப் பயந்தனோ அதே நடந்துச்சா இல்லையா? ரெண்டு வருசமா என்ற கண்ணு முன்னாடி ஒரு கீறல் விழாமக் காப்பாத்துனேன். நான் இல்லாத ஒரே நாள், கைய வெட்டிக்கிட்டா.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல போறப்ப என்ற மடியில சாஞ்சிருந்தா. நான் அழுதுட்டே வர்றேன். அவ அழுகலை. "டீச்சர், மூணு தடவை செஞ்சேனுங்க. மூணும் ஒரே அளவு வந்துச்சு. நான் புடிச்சுட்டேனுங்க டீச்சர்"ங்கறா. எனக்கு அப்ப அது காதுல விழுகுமா? "பேசாம இரு கண்ணு, ரத்தம் போகுது"ன்னேன். அப்புறமும் என்னமோ சொல்ல வந்தா. "பேசாம இரு"ன்னேன். அதுக்கப்புறம் பேசலை. அன்னிக்குன்னு இல்லீங்க, லேப்புல அவளா அப்புறம் எதையும் கேக்கவே இல்லை, கையும் நீட்டலை.

எச்.எம். கிட்டச் சுபிக்ஷா பேர்ல ஒரு சொல்லு விழுகாமப் பாத்துக்கிட்டேன். அருக்காணி செஞ்ச வேலைன்னு சொல்லீட்டேன். அது உண்மைதானுங்களே? அவளைச் சத்துணவுக் கூடத்துக்கு மாத்துனாங்க. போறப்ப என்கிட்ட வந்து நின்னா. "அம்மா, அந்தப் புள்ள ஒரு மாசமா மத்தியானம் சாப்பிடாம வந்து கெஞ்சுச்சுங்க. எனக்கு மனசு கேக்கலீங்க"ன்னா. "உன்ற மனசு கேக்காததால ஒரு புள்ள கையில தையல் போட்டுருக்குது"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். பீரோவுக்கு வேற பூட்டும் போட்டேன்.

பப்ளிக் செய்முறைப் பரீட்சை வந்துச்சு. வெளியில இருந்து வந்த எக்ஸாமினர் எனக்குத் தெரிஞ்சவங்க. நெலமையச் சொன்னேன். "நீங்களே செஞ்சு காட்டுங்க, புள்ள வாயில சொல்லட்டும்"னாங்க. செஞ்சேன். அவ சொன்னா. செய்முறை, இன்டெர்னல் எல்லாம் சேத்து முப்பதுக்கு முப்பது. ஸ்கூல்லயே நாலு பேர்த்துக்குத்தான் முப்பது. நான் சந்தோசமா ஓடிப் போயி, "கண்ணு, முப்பதுக்கு முப்பது!"ன்னேன். அவ, "யாருக்குங்க டீச்சர்?"ன்னா.

வெளையாட்டுக்குக் கேக்கறான்னு நெனச்சுச் சிரிச்சேன்.

கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி எடம் கெடைச்சுது. மார்க்கைப் பாத்துட்டுக் குடுத்துட்டாங்க. நான் போட்ட மார்க்குதானே வாங்கிக் குடுத்துது, இல்லைங்களா? குப்புராசு வேட்டி சட்டை போட்டுக்கிட்டு வந்து என்ற கால்ல விழப் போனாரு. "டீச்சரம்மா, எங்க குடும்பத்துல காலேஜு வாசல மிதிச்ச மொதல் ஆளு"ன்னாரு.

சேந்து ஒரு வாரம் இருக்கும். சுபிக்ஷா போன் பண்ணுனா. சுத்திவளைக்கலை. "டீச்சர், அந்தக் குச்சிய ஒரு மாசத்துக்குத் தர முடியுங்களா? இங்க அது இல்லீங்க. வந்துருச்சுன்னா நான் எப்படியாச்சும் பழகிக்குவேன்"னா. எனக்கு ஆசைதான். ஆனா இது ஸ்கூல் பேருக்கு வந்த பொருளு. வெளிய குடுக்க எனக்கு என்ன அதிகாரம்? "கண்ணு, அது ஸ்கூல் சொத்து. அந்த ட்ரஸ்ட்காரங்க வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்? நீ அங்க மேடத்துகிட்டச் சொல்லு, அவங்க செஞ்சு குடுப்பாங்க, நான் செஞ்ச மாதிரி"ன்னேன். "சரிங்க டீச்சர்"னு வெச்சுட்டா.

என்ன தம்பி? கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா? ஒரு லெட்டர் போதுமா? புதுசே அனுப்பியிருப்பீங்களா?

...அது எனக்கு எப்படிங்க தெரியும்? யாரும் சொல்லலையே. ஃபாரத்துல அப்படி ஒரு வரி இல்லையே.

சரி, விடுங்க. கேளுங்க. ஒண்ணரை மாசத்துல துணிப் பொட்டியோட ஊருக்கு வந்துட்டா. குப்புராசு வந்து அழுதாரு. எனக்குப் பொறுக்கலை. லீவு போட்டுட்டு நானே அந்தக் காலேஜுக்குப் போனேன். ஒரு லெக்சரர், உங்க வயசுதான் இருக்கும். "சார், எங்க புள்ளைய ஏன் வீட்டுக்குத் தாட்டிவிட்டீங்க?"ன்னு கேட்டேன். அவரு மரியாதையாத்தான் பேசுனாரு. "நாங்க தாட்டிவிடலீங்க மேடம். முப்பதுக்கு முப்பது இருந்துச்சு, அதனால ஸ்கூல்ல செஞ்ச மாதிரி செய்யுமான்னு சொன்னோம். அந்தப் பொண்ணு கண்ணாடியத் தொட்டதும் கை நடுங்குது. கதவுப் பக்கம் யாராச்சும் வந்தாத் தூக்கிவாரிப் போடுது. நாலு வாரம் முயற்சி பண்ணுனோம். ஒரு நாள் அதுவே வந்து, 'சார், எனக்குச் செய்யத் தெரியாது, அந்த மார்க் என்னோடது இல்ல'ன்னு சொல்லீட்டுப் போயிருச்சு"ன்னாரு. அப்புறம் கேட்டாரு, "ரெண்டு வருசம் உங்க லேப்புல என்னதான் மேடம் பண்ணுனீங்க?"ன்னு.

என்னையப் பாத்துக் கேட்டாரு தம்பி. எச்.எம். கூடச் சண்டை போட்டு அந்தப் புள்ளைய உள்ள கொண்டுவந்த என்னையப் பாத்து. பஸ்ல வர்றப்ப அழுகை அழுகையா வந்துச்சு. அந்த நாலு வாரம் அவரு பக்கத்துல நின்னு செஞ்சு குடுத்திருந்தா என்ன கொறஞ்சா போயிருவாரு? நாப்பது புள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் செய்யலையா?

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அவளைப் பாக்கப் போனேன். வாசல்ல நின்னு கூப்புட்டா யாருக்கும் கேக்கலை, உள்ள நாலு தறி ஓடுது. தறியில காது அடைச்சுப் போற சத்தம். உள்ள போய்ப் பாக்கறேன், சுபிக்ஷா தார் போட்டுக்கிட்டு இருக்கறா. தார்னா, தறியில குறுக்க ஓடற ஊடை நூலைச் சின்னக் குச்சியில சுத்தறதுங்க. அது மோட்டார்ல ஓடற மிசினு. பெல்ட்டு ஒரு பக்கம் ஓடுது, நூல் சுத்தற கதிர் ஆறும் ஒண்ணாச் சுத்துது. நெறஞ்ச தாரை ஓட்டத்துலயே புடுங்கி வெறுங்குச்சியச் சொருகி, அறுந்த நூல் நுனியக் காத்துல தேடி எடுத்து முடிச்சுப் போடறா. மிசின நிறுத்தறதுகூட இல்ல. அந்த உள்ளங்கையிலதான் தையல் தழும்பு. அங்க கை நடுங்கலை. அவிய அப்பா பக்கத்துத் தறியில நிக்கறாரு, அம்மா அடுப்படியில இருக்கறா, ஒருத்தரும் "பாத்து கண்ணு"ன்னுகூடச் சொல்லலை. என்ன சனங்க!

வெளிய வந்து உக்காந்தா. டீ குடுத்தாங்க. "கண்ணு, இதெல்லாம் வேண்டாம். தபால்ல பி.ஏ. வரலாறு படி. நான் ஃபாரம் வாங்கித் தர்றேன்"ன்னேன்.

"வேண்டாங்க டீச்சர்."

"ஏன் கண்ணு? உன்ற மூளைக்கு..."

"போதுங்க டீச்சர்." கோவமா இல்லீங்க. சாதாரணமாச் சொன்னா. அது கோவமா இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் அவளாக் கேட்டா. "அருக்காணி அக்கா எப்படி இருக்காங்க?"ன்னு. ரெண்டு வருசம் பக்கத்துல நின்ன என்னைய, டீச்சர் உங்களுக்கு உடம்பு எப்படின்னு கேக்கலை. அருக்காணியக் கேக்கறா. நல்லா இருக்கறான்னேன். "நான் கேட்டேன்னு சொல்லுங்க"ன்னா. உள்ள தார் தீந்துருச்சுன்னு அவிய அப்பா கூப்புட, எந்திரிச்சுப் போயிட்டா. எந்தச் செவுத்தையும் தொடாமப் போனா.

அதுக்கப்புறம் நான் போன் பண்ணுனா எடுக்கறதில்ல. யாரு கூப்புடறாங்கன்னு அவ போனே பேர் சொல்லுமாமா. நான்னு தெரிஞ்சுதான் எடுக்க மாட்டேங்கறா. நன்றின்னு எல்லாம் எதிர்பாக்கலை தம்பி, அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. ஆனா ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன். எங்க தப்புன்னு. யோசிச்சு யோசிச்சு ஒண்ணு தெரிஞ்சுது. ஆரம்பத்துலயே தப்பு. எச்.எம். மேடம் சொன்னது சரி. அந்தப் புள்ளைய சயின்ஸ்ல விட்டதுதான் தப்பு. ஆசை காட்டீட்டேன். நான் ஆசை காட்டாம இருந்திருந்தா அவ பாட்டுக்கு வரலாறு படிச்சு, பேங்க் பரீட்சை எழுதி, எங்கயாச்சும் உக்காந்திருப்பா. அந்தத் தப்புக்கு நான்தான் காரணம். மறைக்கறதுக்கு என்ன இருக்குது, ஒத்துக்கறேன்.

அதனால இந்த வருசம் உஷாராயிட்டேன். மிதுனான்னு ஒரு புள்ள பதினொண்ணுல சேந்துருக்குது. பார்வை ரொம்பக் கம்மி, புஸ்தகத்தை மூக்குல ஒட்டி வெச்சுத்தான் படிக்கும். அதுவும் வந்து நின்னுச்சு, சயின்ஸ் வேணும்னு. எச்.எம். மேடம் இந்தத் தடவை என்னையக் கேட்டாங்க. "நீங்க என்ன சொல்றீங்க சுலோச்சனா?"ன்னு. வேண்டாம் மேடம், ஆர்ட்ஸ் குரூப்புல போட்டுருங்கன்னு நானே சொல்லீட்டேன். அழுதுச்சு. "இப்ப அழுதாப் பரவால்ல கண்ணு"ன்னு தட்டிக் குடுத்தேன்.

ஆகவே தம்பி, ஃபாரத்துல 'தற்போது தேவைப்படும் மாணவியர்' எத்தனைன்னு ஒரு கட்டம் இருக்குதில்லீங்களா? அதுல யாரும் இல்லைன்னு எழுதிக்குங்க. பெட்டிய நீங்க எடுத்துட்டுப் போகலாம். வேற ஸ்கூலுக்குக் குடுங்க. அங்க இருக்கற டீச்சர்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லுங்க. இது நெம்ப நுணுக்கமான சாமான், புள்ளைங்க கையில குடுத்தாத் தாங்காது, அவங்களே வெச்சுச் செஞ்சு காட்டச் சொல்லுங்க. ஏன் எழுத மாட்டேங்கறீங்க? இருங்க, அந்தக் குச்சிய அப்படிச் சும்மா போடாதீங்க, நான் துணியில சுத்தித் தர்றேன்.

பெல் அடிச்சுருச்சு. அது ஒண்ணுமில்லீங்க, நீங்க உக்காருங்க. கதவுகிட்ட நிக்கறது அந்த மிதுனாதான். ஒரு கிளாஸ்ல இருந்து இன்னொரு கிளாசுக்குப் போறப்ப இங்க வந்து நிக்கும். தெனமும் இப்படித்தான். உள்ள வராது, ஒண்ணும் கேக்காது. மூஞ்சியக் கதவுக் கம்பிக்கிட்ட வெச்சுட்டு நிக்கும். கெமிஸ்ட்ரி வாசமோ என்னமோ.

நீங்க பாக்காதீங்க தம்பி. பாத்தா இன்னும் நிக்கும். அஞ்சு நிமிசம், தானாப் போயிரும்.